எட்டாம் தேதி சாயங்காலம்

ஜனவரி 4, ஞாயிறு

என் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொட எனக்கு ஏழு சட்டங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள் வாணி. தெரியாத மெயிலைத் திறக்கக் கூடாது. வெளியார் பென்டிரைவைச் செருகக் கூடாது. ஆன்டிவைரஸ் ஏதாவது கேட்டால் நானாக ஓகே அழுத்தக் கூடாது, அவளைக் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கறுப்பு ஹார்ட் டிஸ்கை மாட்டி எல்லாவற்றையும் நகல் எடுத்து, உடனே கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். ‘உடனே’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு. மற்ற மூன்றையும் நான் முழுதாகப் படித்ததில்லை.

வாணி என்பது கோகிலவாணி, என் மனைவி. பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. ஐந்து வருடமாகக் கொல்லிமலையில் கொசுத்தேனீக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். மரப்பொந்திலும் பழைய வீட்டுச் சுவரிலும் கூடு கட்டும் ஈ அளவு தேனீ. இருநூற்றுப் பன்னிரண்டு கூடுகளைக் கண்டுபிடித்து, எண் போட்டு, வருடத்துக்கு மூன்று முறை போய் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வருகிறாள். பிப்ரவரி 27ஆம் தேதி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அதனால் இப்போது வீட்டில் குக்கர் விசிலுக்குக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

கோழித்தீவனக் கம்பெனியில் வருடாவருடம் கொடுக்கும் டைரி இது. எல்லா வருடமும் அலமாரியில் தூங்கும். இந்த வருடம் நானும் எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஒருவர் மட்டும்தான் எழுத வேண்டும் என்று இல்லையே.

ஜனவரி 6, செவ்வாய்

பத்தாம் வகுப்பு படித்த எங்கள் செட் எல்லோரும் பிப்ரவரி 1ஆம் தேதி மண்டபம் பிடித்துக் கூடுகிறோம். முப்பத்து நான்கு வருடத்துக்குப் பிறகு. பழைய படங்களை எல்லாம் கோத்து, பாட்டு சேர்த்து, அரை மணி நேரப் படமாகத் திரையில் போடும் பொறுப்பு எனக்கு. நானேதான் கேட்டு வாங்கினேன். எண்பது பேரும் படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

படம் தயாரிக்கும் சாஃப்ட்வேர் இலவசம் என்றார்கள். முடித்துப் பார்த்தால் ஒவ்வொரு காட்சியின் நடுவிலும் அந்தக் கம்பெனி பெயர் பெரிதாக நிற்கிறது. எங்கள் கணக்கு வாத்தியார் நெற்றியில் குறுக்கே ஆங்கில எழுத்து. அதை எடுக்கப் பணம் கட்ட வேண்டுமாம்.

இன்று பால் பூத்தில் பக்கத்துத் தெருக்காரர் என்னைத் தன் மருமகனிடம் அறிமுகம் செய்துவைத்தார். “டாக்டரம்மா வீட்டுக்காரர்” என்றார். அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை என்று சொன்னேன். நான் பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தோடு நின்றவன். அது வேறு விஷயம். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

ஜனவரி 8, வியாழன்

சாஃப்ட்வேர் பிரச்சினை தீர்ந்தது. ஆபீஸில் மாரப்பன் ஒரு வெப்சைட் எழுதிக் கொடுத்தான். அங்கே ஒரு சாவி இருக்கிறது, அதை இறக்கிப் போட்டால் பணம் கட்டாமலே எல்லாம் திறந்துகொள்ளும். வாணி பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து ஏழரைக்குத்தான் வருவாள். அதற்குள் முடித்துவிட்டேன். கணக்கு வாத்தியார் நெற்றி இப்போது சுத்தம்.

நடுவில் ஆன்டிவைரஸ் சிவப்புப் பெட்டி போட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. அந்த வெப்சைட்டிலேயே அதற்கும் வழி சொல்லியிருந்தார்கள். இப்போது கத்துவதில்லை. வேலை செய்கிற மனிதனை நிம்மதியாக விட வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

வாணி கடைசிக் கணக்கெடுப்புக்காக விடிகாலை பஸ்ஸில் மலைக்குப் போயிருக்கிறாள். போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, நகல் எடுத்து டிஸ்கை பீரோவில் வைக்கச் சொன்னாள். சரி என்றேன்.

டிஸ்க் செவ்வாய்க்கிழமையிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால்தான் மாட்டியிருக்கிறது. நண்பர்களின் படங்களுக்கு வேறெங்கே இடம்? எண்பது பேர் படத்தையும் ஒரு வாரம் வைத்துக்கொள்ள இந்த வீட்டில் எனக்கு ஒரு மூலை கிடையாதா?

மாலையில் போன் செய்து நகல் எடுத்தாயிற்றா என்று கேட்டாள். எடுத்தாயிற்று என்றேன். அவள் கோப்புகள் எல்லாம் போன வாரமே டிஸ்கில் இருக்கின்றன, ஒரு வாரத்தில் என்ன பெரிதாகக் கூடிவிடப் போகிறது.

ஜனவரி 13, செவ்வாய்

கம்ப்யூட்டர் மேடு ஏறும் லாரி மாதிரி உறுமுகிறது. தூசியாக இருக்கும்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். காலை பத்து மணிக்கு வாணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, “ஏனுங்க, கொஞ்சம் வாங்க” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் வால் மாதிரி ஏதோ எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. திரை நடுவில் ஒரே ஒரு கடிதம் மட்டும் திறந்தது. உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டோம், ஐந்து நாளில் தொள்ளாயிரம் டாலர் அனுப்பினால் சாவி தருகிறோம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. மிகவும் மரியாதையான ஆங்கிலம்.

வாணி இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். சுவர் ஸ்விட்சை அணைத்தாள். பிறகு கறுப்பு டிஸ்க் கம்ப்யூட்டருக்குப் பின்னால் மாட்டியிருப்பதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நகல் எடுத்தபின் கழற்ற மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அதிலும் எல்லாம் பூட்டப்பட்டிருக்குமா என்று கேட்டேன். மாட்டியிருந்தால் அதிலும்தான் என்றாள். மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். ஐந்து வருட அட்டவணைகள். எழுதி முடித்த ஆறு அத்தியாயங்கள்.

ஒரு கணம் எனக்கு உள்ளே என்னவோ போல இருந்தது. அதை எழுத வேண்டாம்.

வைரஸ் எங்கிருந்து வேண்டுமானாலும் வரும் என்றேன். அவள் பையிலிருந்து பென்டிரைவைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்தாயா என்று கேட்டேன். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் மூன்றாம் அத்தியாயத்தை அங்கே பிரின்ட் எடுத்ததாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் கொண்டுவந்து உட்டுட்டனா?” என்றாள்.

இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன். இருக்கவும் கூடும் அல்லவா.

ஜனவரி 17, சனி

எல்லாக் கடையும் பொங்கல் லீவு. என் ரீயூனியன் படமும் போய்விட்டது. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெஜினா என்றொரு அம்மாள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பேசுவார். நானும் வாணியும் லீவு போட்டுவிட்டு சிபியூவையும் டிஸ்கையும் பென்டிரைவையும் தூக்கிக்கொண்டு போனோம்.

அரை மணி நேரம் தட்டிப் பார்த்தார். இந்த வகைப் பூட்டுக்கு இப்போதைக்குச் சாவி கிடையாது, என்றைக்காவது யாராவது கண்டுபிடித்து வெளியிடலாம், டிஸ்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள் என்றார். பணம் அனுப்பிவிடலாமா என்று வாணி கேட்டாள். அனுப்பியும் ஏமாந்தவர்கள் இரண்டு பேர் போன மாதம் தன்னிடமே வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்றார். சைபர் கிரைமில் ஒரு புகார் மட்டும் பதிந்து வைக்கச் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்து, “வூட்ல யாராச்சும் ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணீங்களா சார்?” என்று கேட்டார்.

அடிக்கடி கரண்ட் போகிறது என்று சொன்னேன். கரண்ட் போனால் அது அணையாது என்றார். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று உள்ளே பதிவாகியிருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்றார். இந்த அம்மாளுக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி. வீட்டில் ஒருத்தி போதாதா.

ஜனவரி 20, செவ்வாய்

வாணி சாப்பிடவில்லை. தோசையை ஊற்றி எனக்கு வைத்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டாள். கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள். கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் தர்ஷனா போன் செய்து அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று என்னை அதட்டுகிறாள். வைரஸ் என்றேன். காய்ச்சலா என்று பயந்துவிட்டாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் என்றால், தேவையான அளவு.

ஜனவரி 21, புதன்

இது பெரிதாகிக்கொண்டு போகிறது. பள்ளிக் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கலாம், மற்றவர்களும் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று வாணி தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். நல்லெண்ணத்தில்தான். அவர் லேப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். புனிதவதி என்று ஒரு பெண், ஒப்பந்த வேலை, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கச் சொல்லி நவம்பரிலேயே எழுதிக் கொடுத்ததாக அந்தப் பெண் சொன்னாளாம். அந்தக் கடிதம் ஆபீஸ் ஃபைலில் கிடைக்கவில்லையாம். இப்போது விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

வாணி இதைச் சொல்லிவிட்டு, “பாவம், அந்தப் புள்ள எங்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்குதுங்க” என்றாள்.

நான் என்ன செய்ய முடியும்? மெமோ கொடுத்தது நானா?

ஜனவரி 22, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக ரெஜினா கடைக்குப் போனேன். தேதி, நேரம் எல்லாம் என் மனைவியிடம் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை என்றேன். அவர் ஒரு துண்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். 8ஆம் தேதி, சாயங்காலம் 6.42, ஆன்டிவைரஸ் நிறுத்தப்பட்டது. 6.51, இறக்கிய கோப்பு ஓடியது. அதன் பெயரும் இருந்தது. அன்றிலிருந்து ஆன்டிவைரஸை யாரும் திரும்பப் போடவில்லை.

பள்ளிக்கூடப் பென்டிரைவில் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று அதைத் திருப்பிக் கொடுத்தார். மாரப்பன் சொன்ன வெப்சைட் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கிட்ட சொல்லாதீங்க சார். நானாப் போயி அவங்ககிட்டச் சொல்ல மாட்டேன். அவங்க வந்து கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்.”

துண்டுத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிற்பகல் முழுக்க டிஸ்பாட்ச் சீட்டில் தப்புத் தப்பாக எழுதினேன். சேலத்துக்குப் போக வேண்டிய தீவன லோடு ராசிபுரத்துக்குப் போய்விட்டது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். மாரப்பன் வந்து, படம் நன்றாக வந்ததா என்று கேட்டான்.

ஜனவரி 24, சனி

சொல்ல நினைத்து அடுப்படிக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வாணி பரணிலிருந்து களக் குறிப்பேடுகளை இறக்கியிருக்கிறாள். பதினோரு நோட்டு. கூட்டின் எண், மரம், உயரம், நுழைவுக் குழலின் நீளம் என்று எல்லா அளவும் பென்சிலில் இருக்கின்றன. ஒரு நோட்டில் மழை பட்டு எழுத்து கலைந்திருக்கிறது. மகளின் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து அடிக்க ஆரம்பித்திருக்கிறாள். மூன்று அத்தியாயங்களின் பழைய வடிவம் அவளுடைய ஆராய்ச்சி கைடுக்கு அனுப்பிய மெயிலில் இருக்கிறதாம். படங்கள்தான் இல்லை. பெரிய படங்கள், மெயிலில் போகாது.

பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையைத் தூக்காமல், பென்டிரைவைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். இனிமேல் பள்ளிக்கூடத்து வேலையை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாளாம்.

ஜனவரி 25, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரப் போர்வையின் ஒரு முனையை அவளும் மறு முனையை நானும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது சொன்னேன். வெப்சைட், சாவி, ஆன்டிவைரஸ், செவ்வாய்க்கிழமையிலிருந்தே மாட்டிக் கிடந்த டிஸ்க், எடுக்காத நகல். துண்டுத் தாளை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையால் வாங்கிப் படித்தாள். போர்வையை விடவில்லை.

“எட்டாந்தேதியா?” என்றாள்.

“ஆமா.”

“அப்பறம் எதுக்குங்க அன்னைக்கு எம்பட பென்டிரைவ வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தீங்க?”

எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். எதற்கு டவுன்லோடு செய்தீர்கள், எதற்கு அணைத்தீர்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பயம் என்று சொல்லலாம். பயம் மட்டும் என்றால் சும்மா இருந்திருக்கலாம், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டியிருக்க வேண்டாம்.

அவள் போர்வையைத் தன் பக்கம் இழுத்து, தனியாகவே கொடியில் போட்டாள். பத்து நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அழவில்லை. நாளைக்குக் கொடியேற்றத்துக்கு ஸ்கூலுக்கு எல்லோரும் வருவார்கள், நீங்களும் வாருங்கள் என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்தபின் தலைமையாசிரியை அறையில் நான், வாணி, புனிதவதி. என் வீட்டில், என் கையால் வந்த வைரஸ், இந்தப் பெண்ணுக்கும் பள்ளிக் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை என்றேன். எழுதித் தர முடியுமா என்றார் தலைமையாசிரியை. அவர் மேசையில் கிடந்த தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலை, கம்பெனி பெயர் எல்லாம் கேட்டு எழுதச் சொன்னார். வாசலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் மிட்டாயைச் சப்பிக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

மெமோ வாபஸ். வெளியே வந்ததும் புனிதவதியிடம் மன்னிப்புக் கேட்டேன். இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். பரவாயில்லை சார் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. “எங்கம்மா நாலு நாளாத் தூங்கலீங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 28, புதன்

வாணி தேவைக்கு மட்டும் பேசுகிறாள். சாம்பார் இருக்கிறது. தண்ணீர் லாரி வந்துவிட்டது. கேஸ் புக் பண்ணுங்கள்.

அளவுகளை நான் வாசிக்கிறேன், நீ அடி, சீக்கிரம் முடியும் என்றேன். வேண்டாம் என்றாள்.

ஜனவரி 30, வெள்ளி

கைடு மூன்று மாதம் அவகாசம் வாங்கித் தந்திருக்கிறார். அதற்குள் மிச்சமிருக்கும் கூடுகளையாவது மறுபடி படம் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறாள். நானும் வருகிறேன் என்றேன். அன்றைக்கு உங்கள் ரீயூனியன் என்று நினைவுபடுத்தினாள். படமே இல்லாமல் அங்கே போய் என்ன செய்வது என்று வாய் வரை வந்தது. அப்படிச் சொன்னால் அதற்காகத்தான் வருகிறேன் என்று ஆகிவிடும். “வர்றேன்” என்று மட்டும் சொன்னேன். உங்கள் இஷ்டம் என்றாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பதாவதிலேயே எனக்கு வயிறு புரண்டுவிட்டது. ஐந்து வருடமாக இந்தப் பஸ்ஸில்தான் போய்வருகிறாளா என்று கேட்டேன். ஆமாம் என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். தனக்கும் முதல் வருடம் முழுக்க வாந்திதான் என்றாள். எனக்கு அது தெரியாது. ஐந்து வருடத்தில் நான் கேட்டதும் இல்லை.

செம்மேட்டில் இறங்கி நடந்தோம். கூட்டின் வாசல் சுண்டு விரல் தடிமனுக்கு மெழுகுக் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் அதன் பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவள் படம் எடுப்பாள். கை ஆடினால் படம் கெட்டுவிடும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டேன். தேனீக்கள் என் இமை மேல் உட்கார்ந்தன. கொட்டாது, அசையாதீர்கள் என்றாள். ஒரு கூட்டை அவள் சொல்லும் வரை நான் வெறும் அழுக்கு என்றே நினைத்தேன். ஊர்க்காரர் ஒருவர் அவளைப் பார்த்ததும் வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு கூடு வந்திருப்பதாகக் கூட்டிக்கொண்டு போனார். போன முறை உங்களை ஏன் கூட்டி வரவில்லை என்று என்னிடம் கேட்டார்.

மதியத்துக்குள் முப்பத்தொரு கூடு முடிந்தது. பிறகு மிளகுத் தோட்டத்துக்குள் ஒரு சரிவில் நின்றுவிட்டாள். அங்கே ஒரு அடிமரம் மட்டும் இருந்தது. வெட்டி இரண்டு வாரம் இருக்கும், விளிம்பெல்லாம் கறுத்திருந்தது. நான்கு வருடம், பன்னிரண்டு முறை இந்த மரத்துக் கூடுகளைப் படம் எடுத்திருக்கிறாளாம். ஒரே மரத்தில் இரண்டு கூடு அருகருகே இருந்தது மலையில் இது ஒன்றுதானாம்.

“மன்னிச்சுரு வாணி.”

அவள் அடிமரத்தின் குறுக்களவை டேப்பால் அளந்துகொண்டிருந்தாள்.

“நோட்ட எடுங்க. கூடு நம்பர் நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு. மரம் இல்லை, படம் இல்லைன்னு எழுதுங்க.”

எழுதினேன். என் கையெழுத்து அந்த நோட்டில் அதுதான் முதல் முறை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மறுபடி மலை. நாற்பது கூடு. இந்த முறை ஐம்பதாவது வளைவு வரை தாங்கினேன். ரீயூனியன் குரூப்பில் எல்லோரும் கேக் வெட்டிய படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். என்னை யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

அவள் படங்களை இப்போது மூன்று இடத்தில் வைக்கிறாள். ஒன்று லேப்டாப்பில். ஒன்று மகளின் ஹாஸ்டல் அறையில். ஒன்று எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, சனி

காணாமல் போன படங்களுக்குக் காரணம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் அது சேரும். வாணி எழுதி, எழுத்துப் பிழை பார்க்க என்னிடம் கொடுத்தாள். இத்தனை நாளில் அவளாக என்னிடம் கொடுத்த முதல் வேலை.

கூடு எண்கள், தேதிகள், புகார் எண் எல்லாம் சரியாக இருந்தன. கடைசிப் பத்தியில், ‘வீட்டில் ஒருவரின் கவனக்குறைவால் கணினி வைரஸ் தாக்குதலுக்கு உள்ளாகி’ என்று எழுதியிருந்தாள்.

முதலில் எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் லோடு அனுப்புகிறவனைக் கவனக்குறைவு என்று பல்கலைக்கழகம் வரைக்கும் எழுத வேண்டுமா. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிறகு மறுபடி படித்தேன். அந்தப் பதினாறாம் தேதி காலையில், திரையைப் பார்த்து அவள் முகம் வெளுத்தபோது, எனக்குள் என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். இனி இவள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று ஒன்றும் வராது என்று ஒரு கணம் லேசாக இருந்தது. ஒரு கணம்தான்.

“இந்தச் சொல்லு சரிதானா?” என்று கேட்டேன்.

வாணி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“வேற என்ன சொல்லுங்க போடறது?”

காத்திருந்தாள். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் கையை நீட்டித் தாளை வாங்கி, அடியில் கையெழுத்துப் போட்டு, உறைக்குள் வைத்து ஒட்டினாள்.